கடற்பயணக் கேம்பெயினுக்கு எந்தக் கப்பல்?

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், கடலை மையமாக வைத்து ஒரு கற்பனைக் கேம்பெயினை (பல அமர்வுகளாக நீளும் தொடர்கதையை) தொடங்கும் கேம் மாஸ்டர்கள், அதாவது கதையை நடத்துபவர்கள், பெரும்பாலும் வரைபடத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். தீவுகள், துறைமுகங்கள், பூதங்கள் உறங்கும் ஆழ்கடல் பள்ளங்கள் எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகே கப்பலின் நினைப்பு வருகிறது. அப்போது விதிநூலின் பட்டியலைப் புரட்டி, கையிலுள்ள பொற்காசுக்குக் கட்டுப்படியாகும் ஒன்றை ஆட்டக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுகிறோம். ஓராண்டோ ஈராண்டோ நீளக்கூடிய ஆட்டத்தில் அவர்கள் வேறெந்த ஊரிலும் அவ்வளவு காலம் தங்கப்போவதில்லை. வீடும் கோட்டையும் சந்தையும், சில வேளைகளில் சிறையும் அந்தக் கலம்தான். ஆகவே கப்பலை முதலில் தேர்ந்துகொண்டு, அது போகக்கூடிய கடலைப் பிறகு வரைவதே முறை என்று நான் கருதுகிறேன்.

விலை, வேகம், தாங்குதிறன் என்று பட்டியல்கள் முன்னிறுத்தும் எண்களை விட்டுவிட்டு, ஓட்டுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணை முதலில் பார்க்க வேண்டும். இவ்வகை விளையாட்டுகளில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டுக் கையேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் சாதாரணப் பாய்க்கப்பலுக்கும் வைக்கிங்குகள் ஓட்டியதுபோன்ற நீள்கப்பலுக்கும் விலை ஒன்றே, 10,000 பொற்காசு. ஆனால் முன்னதற்கு 20 மாலுமிகள் போதும், பின்னதற்கு 40 பேர் வேண்டும். போர்க்கப்பலுக்கு 25,000 பொற்காசும் 60 பேரும், வரிசை வரிசையாகத் தண்டு வலித்துச் செலுத்தும் தண்டுக்கப்பலுக்கு 30,000 பொற்காசும் 80 பேரும் ஆகின்றன. பயிற்சி பெற்ற ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 2 பொற்காசு கூலி என்பது அதே விளையாட்டின் விதி. முப்பது நாள் பயணத்திற்குக் கணக்கிட்டால் பாய்க்கப்பலுக்கு 1,200, நீள்கப்பலுக்கு 2,400, போர்க்கப்பலுக்கு 3,600, தண்டுக்கப்பலுக்கு 4,800 பொற்காசு. விலை ஒரு முறை கொடுப்பது. கூலியோ ஒவ்வொரு விடியலிலும் வந்து நிற்கும்.

மந்திரம் இருக்கும்போது இதெல்லாம் பொருட்டா என்று கேட்கலாம். மந்திரத்தைக் கணக்கில் சேர்த்தால்தான் ஆள்கணக்கின் கனம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நீரை உண்டாக்கும் முதல்நிலை மந்திரம் ஒரு முறைக்குப் பத்துக் கேலன் தரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தேவை. இருபது பேருள்ள கப்பலில் பூசாரிப் பாத்திரம் இரண்டு முறை மந்திரித்தால் அன்றைய தாகம் தீர்ந்தது. எண்பது பேருக்கு எட்டு முறை மந்திரிக்க வேண்டும், தொடக்க நிலைப் பூசாரியிடம் அதற்கு மேல் அன்று மந்திர ஆற்றல் அதிகம் மிஞ்சியிருக்காது. ஒரு நாள் பசியைப் போக்கும் பத்துக் கனிகளைத் தரும் மந்திரத்திற்கும் இதே கணக்குத்தான். ஆகவே சிறிய கப்பலில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற கதையே எழாமல் போகக்கூடும். பெரிய கப்பலில் அது எப்போதும் கதவுக்கு வெளியே காத்திருக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

எனினும் கூலியையும் நீரையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் முதல் கடல் கேம்பெயினில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு போர்க்கப்பலைக் கொடுத்தேன். நான்காவது அமர்வில் ஒரு புயல். பாய்மரம் முறிந்து மூவர் இறந்தார்கள் என்று அறிவித்தேன். எதிரே பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்த தோழி, "செத்தது யாரு? அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள். என்னிடம் பெயர் இல்லை. அறுபது என்ற எண்ணை அடித்துவிட்டு ஐம்பத்தேழு என்று எழுதிக்கொண்டாள். அந்த மூவருக்கும் கிடைத்த இறுதிச் சடங்கு அவ்வளவுதான். அடுத்த கேம்பெயினில் இருபது பேர் கொண்ட கப்பலை எடுத்தோம். இருபது பெயர்களையும் ஒரே அட்டையில் எழுதி மேசை நடுவில் வைத்தேன். அலவன் என்ற சமையற்காரர் பக்கவாட்டாகவே நடப்பார், ஒரு விரல் கிடையாது, உப்பை யாருக்கும் தொடவிட மாட்டார். அவர் ஓரிரவு அலையில் அடித்துச் செல்லப்பட்டபோது நான்கு ஆட்டக்காரர்களும் எதையும் கேட்காமல் நீரில் குதித்தார்கள், அதில் இருவருக்கு நீந்தும் திறனே கிடையாது. ஒரு மேசையைச் சுற்றியிருப்பவர்கள் பெயரோடும் முகத்தோடும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை இருபதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது அன்றிலிருந்து என் அனுபவம்.

எனவே என் முதல் பரிந்துரை காரவெல் வகையைச் சேர்ந்த, இரண்டு அல்லது மூன்று பாய்மரம் கொண்ட நடுத்தரக் கப்பல். 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவருடன் சென்ற நீன்யா, பின்டா ஆகிய இரண்டு காரவெல்களிலும் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பேர் அளவிலேயே இருந்தார்கள். பெருங்கடலைக் கடக்கும் வலிமை, ஆற்று முகத்துக்குள்ளும் நுழையும் சிற்றுடல், இரண்டும் இதில் சேர்ந்து அமைகின்றன. அந்தப் பயணத்தின் பெரிய கப்பலான சாந்தா மரியா அதே ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஹிஸ்பானியோலாக் கரையோரம் தரைதட்டிப் போயிற்று. நீன்யாவில் எல்லோருக்கும் இடமில்லாததால் 39 பேரைக் கரையில் விட்டுவிட்டுத்தான் கொலம்பஸ் திரும்ப முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தபோது அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை. கேம் மாஸ்டருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது: பெரிய கப்பலை இழக்கும் கதையில் கப்பலைவிட, சிறிய கப்பலில் யாருக்கு இடம் என்ற கேள்விதான் கனமானது.

காரவெல்லின் இன்னொரு சிறப்பு அதன் முக்கோணப் பாய். சதுரப் பாய் கட்டிய கப்பல் பின்னிருந்து வரும் காற்றில் நன்றாக ஓடும். காற்று வரும் திசையை நெருங்கிச் செல்ல அதனால் இயலாது. முக்கோணப் பாய் அதைவிடக் கூடுதலாகக் காற்றை நெருங்கும். ஆட்டத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் எல்லாக் கப்பலும் ஒன்றுபோலவே தோன்றும். நான் பின்பற்றும் முறை எளிது. விடியும்போது எட்டுமுகப் பகடையை உருட்டிக் காற்று வரும் திசையைத் தீர்மானிக்கிறேன். சதுரப் பாய்க் கப்பல் அந்தத் திசையிலும் அதன் இரு பக்கத்துத் திசைகளிலும் செல்ல முடியாது. முக்கோணப் பாய்க் கப்பலுக்கு அந்த ஒரு திசை மட்டுமே அடைபடும். உண்மையில் கோணங்கள் இத்தனை நேர்த்தியாக இருப்பதில்லை. இருந்தாலும் இந்த ஒற்றை விதி, துரத்தலுக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. நாற்பது பீரங்கிகளோடு ஒரு பெரிய கப்பல் பின்தொடரும்போது காற்றை நோக்கித் திரும்பித் தப்பிக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் தாமாகவே கண்டுபிடிக்கும் தருணத்திற்காக நான் எத்தனை அமர்வுகள் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

நீள்கப்பலைப் பற்றி வேறு விதமாகப் பேச வேண்டும். டென்மார்க்கின் ரோஸ்கில்ட் அருகே கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட ஸ்குல்டெலெவ் கப்பல்களில் இரண்டாவது, 1042ஆம் ஆண்டு டப்ளினில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 3.8 மீட்டர், அறுபது தண்டுகள், நீரில் அமிழ்வதோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதன் மறு உருவாக்கம் ஒன்று 2007ஆம் ஆண்டு ரோஸ்கில்டிலிருந்து டப்ளின் வரை கடலில் ஓடியது. இந்த அளவை ஐந்தடிக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் தாளில் வரைந்து பாருங்கள். இருபது கட்ட நீளம், இரண்டரைக் கட்ட அகலம். இது ஒரு மேல்தளமே அன்று, ஒரு நடைபாதை. எதிரி ஏறிவந்தால் முன்வரிசையில் இருவர் மட்டுமே நிற்க முடியும். வில்லாளிக்கும் மந்திரவாதிக்கும் தோழர்களின் முதுகுதான் தெரியும். சுற்றி வளைத்துத் தாக்கிப் பழகிய ஆட்டக்காரர்களுக்கு இது முற்றிலும் புதிய சண்டையாக அமையும்.

ஆனால் நீள்கப்பலில் கதவு கிடையாது. மேல்தளத்துக்குக் கீழே அறை இல்லை, தனியறை இல்லை, பூட்டு இல்லை. ஒளித்து வைத்த கடிதம், அடைத்து வைத்த கைதி, யாரும் அறியாமல் ஏறிய அந்நியன் எதற்கும் இங்கே இடமில்லை. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே உறங்கி விழிக்கிறார்கள். சூழ்ச்சியும் துரோகமும் நிறைந்த கதையை நீங்கள் மனத்தில் வைத்திருந்தால் இந்தக் கலம் அதற்கு இடம் கொடுக்காது. கரையில் பாய்ந்து இறங்கி, கொள்ளையிட்டு, நீர் வடிவதற்குள் தள்ளிக்கொண்டு போகும் வேட்டைக்கதைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பட்டியல் இதற்கு 10 டன் சரக்கிடம் மட்டுமே தருவதும் கதைக்கு உதவும்: கொள்ளைப் பொருளில் எதை ஏற்றுவது, எதைக் கரையில் விடுவது என்று நின்று பேசியாக வேண்டும்.

தண்டுக்கப்பலை ஆட்டக்காரர்களின் சொந்தக் கப்பலாகத் தருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பண்டைய ஏதென்ஸின் டிரைரீம் வகைக் கப்பலின் மறு உருவாக்கமான ஒலிம்பியாஸ் 1987ஆம் ஆண்டு கடலில் இறங்கியது. அதில் தண்டு வலிக்க மட்டும் மூன்று அடுக்குகளில் 170 பேர் அமர வேண்டும். அத்தனை பேரை நெருக்கிய கலத்தில் உணவுக்கும் நீருக்கும் இடம் ஏது? அதனால்தான் அத்தகைய கப்பல்கள் கரையை ஒட்டியே சென்று, அடிக்கடி கரையேறித் தங்கின. தீவுக்குத் தீவு தாவும் குறுங்கடலுக்கு இது பொருந்தும், திறந்த பெருங்கடலுக்குப் பொருந்தாது. ஆனால் எதிரியின் கப்பலாக இதற்கு நிகரில்லை. காற்று செத்துப்போன நண்பகலில், அசையாமல் தொங்கும் பாய்களின் கீழே ஆட்டக்காரர்கள் நிற்கும்போது, தொலைவிலிருந்து தண்டுகள் ஒரே தாளத்தில் நீரை அறையும் ஓசை கேட்டால் போதும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாத்திரங்களே தண்டு வலிப்போராகத் தொடங்கும் கேம்பெயின் மிகச் சிறப்பாக அமையக்கூடும். ஏதென்ஸில் தண்டு வலித்தவர்களில் பெரும்பாலோர் கூலி பெற்ற சுதந்திர மனிதர்கள். சங்கிலியில் பிணைத்த தண்டுக்கப்பல்கள் மத்தியதரைக்கடலில் பிந்தைய நூற்றாண்டுகளில் பெருகியவை. சங்கிலியா கூலியா என்பதை நீங்கள் தேர்ந்தவுடன், முதல் அமர்வு கலகமா அல்லது கூலிப் பேச்சுவார்த்தையா என்பதும் முடிவாகிவிடுகிறது.

பெரிய போர்க்கப்பலைப் பற்றி முன்பே என் மனத்தைச் சொல்லிவிட்டேன். அதற்கு 500 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு சேதத்தைத் தாங்கும் என்ற எண்) இருக்கலாம், 200 டன் ஏற்றலாம். ஆழமற்ற நீரில் அது சிறைப்பட்டுவிடும். பிளாக்பியர்ட் என்ற கடற்கொள்ளையன் தன் பெரிய கப்பலான குயீன் ஆன்ஸ் ரிவெஞ்சை 1718ஆம் ஆண்டு வட கரோலினாவின் போஃபோர்ட் கழிமுகத்தில் மணல்திட்டில் இழந்தான், அதன் பிறகு ஸ்லூப் என்ற சிறு பாய்க்கப்பலில்தான் அலைந்தான். கதையின் கடைசிக் கட்டத்தில், ஆட்டக்காரர்கள் ஒரு கடற்படையையே வழிநடத்தும் நிலைக்கு வந்த பிறகு, போர்க்கப்பலைக் கொடுங்கள். அதற்குள் அவர்களுடைய பழைய இருபது மாலுமிகளும் தளபதிகளாக உயர்ந்திருப்பார்கள், பெயரற்ற அறுபது பேரை அந்த இருபது பெயர்கள் தாங்கிக்கொள்ளும்.

வணிகத்தை மையமாகக் கொண்ட ஆட்டமென்றால் காரவெல்லைவிட, ஜங்க் என்ற சீனப் பாய்க்கப்பல் எனக்கு நெருக்கமானது. 1974ஆம் ஆண்டு சுவான்ஜோவில் தோண்டியெடுக்கப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பலின் உடல் பன்னிரண்டு தடுப்புச் சுவர்களால் பதின்மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் வாசனை மரங்களும் மிளகும் இருந்தன. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை மிதக்கவைக்கும். மூங்கில் சட்டங்கள் பொருத்திய அதன் பாயை மேல்தளத்தில் நின்றபடியே சிலர் சேர்ந்து சுருக்கிவிட முடியும். ஆட்ட மேசைக்கு இது ஒரு கொடை. பாய்க்கப்பலுக்குரிய 300 ஹிட் பாயிண்ட்டைப் பன்னிரண்டாகப் பகுத்து, 25 இழக்கும்போதெல்லாம் ஓர் அறையில் வெள்ளம் புகுகிறது என்று வைத்தேன். எந்த அறை என்பதைப் பகடை சொல்லும். மிளகு மூட்டைகள் இருக்கும் அறையா, சுரத்தில் கிடக்கும் பயணியின் அறையா, யாரும் திறக்கக் கூடாதென்று ஒரு வணிகர் முத்திரையிட்ட அறையா? எண் குறைவதைப் பார்த்துப் பழகியவர்கள் அன்று எழுந்து நின்று வாதிட்டார்கள்.

பாலினேசிய இரட்டைத் தோணி எல்லா மேசைக்கும் ஏற்றதன்று, ஆனால் ஏற்ற மேசைக்கு அது ஈடற்றது. இரண்டு தோணிகளைக் குறுக்கே இணைத்து மேலே தளம் அமைத்த ஹோகுலேயா என்ற கலம், 1976ஆம் ஆண்டு மாவ் பியாய்லுக் என்ற மைக்ரோனேசிய மாலுமியின் வழிகாட்டலில், கருவிகள் ஏதுமின்றி ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஏறத்தாழ ஒரு மாதத்தில் சென்று சேர்ந்தது. விண்மீன் எழும் இடமும் அலையின் போக்குமே வழி. இங்கே வழி காண்பதே விளையாட்டு, சண்டை எப்போதாவது வரும் விருந்தாளி. ஒரே ஆட்டக்காரர் வழிகாட்டியாகி மற்றவர்கள் சும்மா இருக்கும் ஆபத்து உண்டு என்பதால், விண்மீனை ஒருவரும் அலையை இன்னொருவரும் பறவையை மூன்றாமவரும் கவனிப்பதாகப் பிரித்து, மூவரின் குறிப்புகளும் முரண்படும் இரவுகளை அமைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு திருத்தங்களைச் செய்துகொள்ளுங்கள். முதலாவது வேகம். பட்டியலின் பாய்க்கப்பல் மணிக்கு 2 மைல் செல்லும், அதாவது இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 48 மைல். 1492இல் கேனரித் தீவுகளிலிருந்து மறுகரை சேர 36 நாள் ஆனது. கடந்த தொலைவு 3,000 கடல் மைலுக்கு மேல். பட்டியலின் வேகத்தில் அதே பயணத்திற்கு எழுபது நாளுக்கு மேல் பிடிக்கும். பாயால் செல்லும் வேகத்தை மட்டும் இரட்டிப்பாக்கி, தண்டின் வேகத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அப்போது காற்றுள்ள நாளில் பாய்க்கப்பல் தண்டுக்கப்பலுக்கு ஈடுகொடுக்கும், காற்றில்லாத நாளில் மாட்டிக்கொள்ளும். இரண்டு வகைக் கப்பலுக்கும் உலகில் இடமிருப்பதற்கான காரணம் ஆட்டத்திலேயே விளங்கிவிடும்.

இரண்டாவது, உதிரி ஆட்கள். இந்த விளையாட்டில் கப்பல் அதன் மனிதர்களைவிட மிகவும் உறுதியானது. எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டும் தீக்கோள மந்திரம் சராசரியாக 28 சேதம் விளைவிக்கும். 300 ஹிட் பாயிண்ட் உள்ள மரத்துக்கு அது ஒரு கீறல், 4 ஹிட் பாயிண்ட் உள்ள சாதாரண மாலுமிக்கோ உறுதியான சாவு. இருபது பேர் கட்டாயம் வேண்டிய கப்பலில் எட்டுப் பேர் ஒரே நொடியில் விழுந்தால் மீதிப் பேரால் பாயைக் கையாள முடியாது. பட்டியல் பாய்க்கப்பலில் இன்னும் இருபது பேருக்கு இடம் தருகிறது. அதில் ஏழெட்டுப் பேரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும்படி துறைமுகத்துக் கிழமாலுமி ஒருவர் வாயிலாக ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

கப்பலின் மேல் கட்டியிருக்கும் சிறுபடகையும் மறக்க வேண்டாம். 1789ஆம் ஆண்டு பவுன்ட்டி கப்பலில் கலகம் மூண்டபோது, பிளை என்ற தலைவரையும் அவரோடு 18 பேரையும் 23 அடிப் படகு ஒன்றில் இறக்கிவிட்டார்கள். டோங்காத் தீவுகளில் ஒருவரை இழந்த பின் மற்றவர்கள் சுமார் 3,600 கடல் மைல் கடந்து, கலகம் நடந்த 47ஆம் நாளில் தைமோர் சேர்ந்தார்கள். நம் பட்டியலில் துடுப்புப் படகின் விலை 50 பொற்காசுதான். வலிப்பவர் ஒருவர், பயணிகள் மூவர், ஆக நால்வர். நான்கு ஆட்டக்காரர்கள் உள்ள மேசையில் அந்தப் படகு அவர்களோடு நிறைந்துவிடும், அலவனுக்கு அதில் இடமில்லை. இரண்டாவது படகு வாங்கும் எண்ணம் ஆட்டக்காரர்களுக்குத் தாமாக வருகிறதா என்று பொறுத்திருந்து பாருங்கள். நீங்களாக நினைவூட்ட வேண்டாம்.